கத்தி விழுங்கிய மாலுமி

சிம்பாங் ரெங்கத்தில் ஒரு பிள்ளை 20 காசை விழுங்கிவிட்டால் வீட்டார் குளுவாங் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். எக்ஸ்ரே எடுத்ததும் காசு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அது காசு இல்லை, பொத்தான் பேட்டரி என்றால் விளிம்பில் இரட்டை வளையம் தெரியும். பேட்டரி 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பதால் நொடியும் தாமதிக்கக் கூடாது.

வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்க வழியே இல்லாத காலம் ஒன்று இருந்தது. விழுங்கியவர் சொல்வதை நம்புவதா, வேண்டாமா? அது ஒன்றுதான் அன்றைய மருத்துவர் முன்னிருந்த கேள்வி. அந்தக் கேள்வியில் அகப்பட்டுக்கொண்டவர் ஜான் கம்மிங்ஸ் என்ற அமெரிக்க மாலுமி.

1799ல் அவருக்கு வயது 23. பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்துக்கு அருகே, மடக்குக்கத்திகளை விழுங்கிக் காட்டும் ஒரு வித்தைக்காரனைப் பார்த்தார். கப்பலுக்குத் திரும்பியதும் குடிபோதையில், "என்னாலும் முடியும்" என்று சவால்விட்டுத் தன் கத்தியை விழுங்கினார். கூட்டாளிகள் இன்னும் கேட்டார்கள். அதே இரவில் மேலும் 3 கத்திகள் போயின.

அதன்பின் 6 ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. 1805ல் பாஸ்டனில் பழைய கதையை அவர் சொல்ல, கேட்டவர்கள் தூண்டிவிட, 14 கத்திகள் உள்ளே போயின. அதே ஆண்டு டிசம்பரில் ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்றில் மறுபடியும் விழுங்கினார். இந்த முறை உடம்பு தாங்கவில்லை. லண்டனின் கைஸ் மருத்துவமனையில் தான் விழுங்கியதை எல்லாம் ஒளிக்காமல் சொன்னார். மருத்துவர்கள் நம்பாமல் அனுப்பிவிட்டார்கள். நோய் முற்றித் திரும்பி வந்த பிறகுதான் அவர் பேச்சு காதில் விழுந்தது. எலும்பும் தோலுமாகி 1809 மார்ச்சில் இறந்தார். உடலைத் திறந்தபோது அரிக்கப்பட்ட கத்தித் துண்டுகள் 30க்கும் மேல் இருந்தன. அலெக்சாண்டர் மார்செட் என்ற மருத்துவர் 1823ல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். அந்த மனிதர் முதல் நாளே உண்மையைத்தான் சொல்லியிருந்தார் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

கம்மிங்ஸ் இறந்து 4 ஆண்டுகள் கழித்து, 1813ல், அதே லண்டனில் இந்திய வித்தைக்காரர்கள் வாள் விழுங்கிக் காட்டினார்கள். ஊரே திரண்டது. அந்தக் கலையில் பெரும்புகழ் பெற்றவர் ரமோ சாமி. ஊரில் ராமசாமியாக இருந்திருப்பார். 1850ல் வறுமையில் இறந்த அவரை அடக்கம் செய்ய, மனைவி பத்திரிகை வழியாகப் பணம் கேட்க வேண்டியிருந்தது.

வாள் விழுங்குபவர் எதையும் வயிற்றில் விட்டுவைப்பதில்லை. குமட்டலை அடக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தொண்டையையும் உணவுக்குழாயையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி வாளை இறக்குகிறார். இறக்கியதை உருவியும் எடுத்துவிடுகிறார். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மௌல் என்ற மருத்துவர் இதைக் கூர்ந்து கவனித்தார். வாள் இறங்கும் வழியில் குழாய் இறங்காதா? 1868ல் ஒரு வாள் விழுங்கியின் தொண்டை வழியாகவே விறைப்பான குழாயைச் செலுத்தி உள்ளே பார்க்க முயன்றார். வெளிச்சம் போதவில்லை, ஆனால் வழி திறந்துவிட்டது. 1895ல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தார். பிறகு அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் குழாய்களைச் செம்மைப்படுத்தி, மனிதர்களின் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் சிக்கிய 2,000க்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்துவைத்தார். ஊசி, பொத்தான், காசு என்று அவை இன்றும் ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

2016 ஆகஸ்டில் பஞ்சாபின் அமிர்தசரஸில் ஒரு காவலர் வயிற்று வலியோடு மருத்துவமனைக்கு வந்தார். கத்தி விழுங்கியதை அவர் வீட்டாரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஸ்கேனில் தெரிந்த திரளைப் பார்த்துப் புற்றுநோயோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். எண்டோஸ்கோப்பியில் தெரிந்ததோ கத்தி. சுமார் 5 மணி நேர அறுவை சிகிச்சையில் 40 கத்திகளை எடுத்தார்கள். சில மடங்கியும் சில விரிந்தும் இருந்தன. அடக்க முடியாத உந்துதலால் 2 மாதங்களாக விழுங்கி வந்ததாக அவர் சொன்னார். உயிர் பிழைத்தார்.