மோட்டார் சைக்கிளின் மின்பொறி: ஒரு நோயின் வரலாறு

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் பொழுது புலருமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. படகு கரை சேர்ந்ததும் மீனும் இறாலும் நண்டும் ஏலம் போகின்றன. பெட்டியிலுள்ள ஐஸ் உருகுமுன் அவை பொன்னேரிச் சந்தைக்கோ சென்னைக்கோ போய்ச் சேர வேண்டும். அந்த நேரம் பார்த்து, மீன்பெட்டி ஏற்றிய பழைய மோட்டார் சைக்கிள் விட்டுவிட்டுத் துடித்து நின்றுபோனால் என்ன செய்வது? "பிளக்கை மாற்று" என்பார் ஒருவர். "பாட்டரி போய்விட்டது" என்பார் மற்றொருவர். இரண்டையும் மாற்றிய பிறகும் நோய் தீராமல், பணமும் மீனும் வீணாவதுண்டு. நோயின் மூலத்தை அறிய, மின்பொறி வண்டிக்குள் வந்த வரலாற்றை நாம் சிறிது பார்க்க வேண்டும்.

காந்தமா, பாட்டரியா?

1831-இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். ஒரு கம்பிச்சுருளின் ஊடே செல்லும் காந்தப் புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பதே அவர் கண்ட உண்மை. 1836-இல் அயர்லாந்துப் பேராசிரியர் நிக்கலஸ் காலன் தூண்டு சுருளை அமைத்தார். சில சுற்றுகளே உள்ள முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால், பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட துணைச் சுருளில் மிக உயர்ந்த மின்னழுத்தம் எழும். துண்டிக்கும் முனைகளிலேயே பொறி பறந்து ஆற்றல் வீணாவதைத் தடுக்க, அங்கே ஒரு மின்தேக்கியை இணைக்கலாம் என்று 1853-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபிசோ காட்டினார். இன்று மெக்கானிக் 'கண்டென்சர்' என்று சொல்லும் சிறு உருளை அதன் வழித்தோன்றலே.

1860-இல் பாரிசில் லெனுவார் தம் வாயு இஞ்சினில் பாட்டரியையும் தூண்டு சுருளையும் கொண்டு பொறி உண்டாக்கினார். ஆனால் ஓடும் வண்டியில் பாட்டரி தீர்ந்துபோனால் என்ன செய்வது? ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனம் இதற்கு விடை கண்டது. 1897-இல் அது காந்தத்தால் தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவை வண்டியில் பொருத்தியது. 1902-இல் அங்குப் பணியாற்றிய ஹோனால்டு உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை ஆக்கித் தந்தார். இஞ்சின் சுழலும்வரை பொறி உண்டு, பாட்டரி தேவையில்லை.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வேறு வழியில் சென்றார். அவருடைய பாட்டரிப் பொறி அமைப்பு 1910-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. 1912-இல் மின் ஸ்டார்ட்டரும், பாட்டரிக்கு மின்னேற்றும் மின்னாக்கியும் அக்காரில் சேர்ந்தன. விலை குறைவு, மெதுவாகச் சுழலும்போதும் பொறி வலுவாக இருக்கும். எனவே காலப்போக்கில் இம்முறையே பரவியது.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இந்த மாற்றம் பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. 1956-இல் திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டியே புல்லட் வண்டிகள் ஆயின. பின்னர் பாகங்களும் இங்கேயே உருவாயின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1977-இல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது!

1949-இல் வந்த 350 சி.சி. புல்லட்டில் பொறிக்கு மேக்னெட்டோ, விளக்குக்கு மின்னாக்கி என்று இரண்டும் தனித்தனியே இருந்தன. மின்னேற்றம் நின்றால் விளக்கு அணையும், வண்டி ஓடும். நம் நாட்டில் பல்லாண்டுகள் தயாரான புல்லட்டிலோ பாட்டரியும் தூண்டு சுருளும் ஆல்ட்டர்னேட்டரும் நிலைபெற்றன. இதில் பாட்டரிதான் பொறிக்கும் தாய். ஆல்ட்டர்னேட்டரோ அதன் மாறு மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையரோ பழுதுபட்டால், முதலில் பாட்டரி இளைக்கும். பிறகு பொறி மெலியும். இறுதியில் இஞ்சின் துடிக்கும். ஆகவே 'மிஸ்ஸாகிறது', 'சார்ஜ் ஏறவில்லை' என்னும் இரு புகார்களும் பல சமயம் ஒரே நோயின் இரு குறிகள்தாம். புதுப் பாட்டரி சில நாள் ஓட்டி, பிறகு அதுவும் தீர்ந்துபோவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

உப்பின் விளையாட்டு

ஏரிக்கரையில் இன்னொரு பகைவனும் உண்டு, அது உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலுள்ள நீரைத் தானே ஈர்த்துக் கரையத் தொடங்குகிறது. உப்பு நீரோ மின்சாரத்தைக் கடத்தும். எனவே விடியற்காலையில் பிளக் மூடியின்மேல் படிந்த உப்பு ஈரமாகி, உயர் மின்னழுத்தம் பொறி இடைவெளியைத் தாண்டாமல் வெளியே கசிந்துவிடுகிறது. இருட்டில் பார்த்தால் பிளக் கம்பியின்மேல் நீல ஒளி நெளிவது தெரியும். வெயில் ஏறியதும் ஈரம் உலர்ந்து வண்டி ஒழுங்காக ஓடும். விடியலில் துடித்து நண்பகலில் ஓடும் வண்டியில் முதலில் உப்பைச் சந்தேகியுங்கள்.

உப்பு மற்றொரு தீங்கும் செய்கிறது. கம்பி முனைகளில் பச்சை பூத்து மின்தடையைக் கூட்டுகிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 6 வோல்ட் பாட்டரி, 1.5 ஓம் தடையுள்ள முதன்மைச் சுருள் என்று கொண்டால் மின்னோட்டம் 4 ஆம்பியர். பச்சை பூத்த முனை அரை ஓம் கூட்டினால் அது 3 ஆம்பியராகக் குறையும். சுருளில் சேரும் ஆற்றலோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது 16-க்கு 9 பங்காக, அதாவது 56 விழுக்காடாக வீழ்ந்துவிடுகிறது! 12 வோல்ட் பாட்டரி, 3 ஓம் சுருள் என்றால் அதே அரை ஓம் கூடினாலும் 73 விழுக்காடு ஆற்றல் எஞ்சும். பிற்காலப் புல்லட்டுகள் 12 வோல்ட்டுக்கு மாறியதில் கிடைத்த நன்மைகளில் இதுவும் ஒன்று.

முள் சொல்லும் செய்தி

பழைய புல்லட்டின் முகப்பு விளக்கின் மேலே ஓர் அம்மீட்டர் உண்டு. நோயறிய அதுவே போதிய கருவி. விளக்குகளை அணைத்துச் சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக மிதியுங்கள். பாயிண்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையென்றால் பாயிண்டில் அழுக்கு, அல்லது கம்பி அறுந்திருக்கிறது. இடப்பக்கமே நின்றுவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ குறுக்குச் சுற்று. முள் சரியாக ஆடியும் பொறி வலுவற்றிருந்தால் கண்டென்சர், சுருள், பிளக் என்று வரிசையாகப் பாருங்கள். பாயிண்டிலேயே பெரிய பொறி பறந்தால் கண்டென்சர்மீதே சந்தேகம். பிளக்கைக் கழற்றிச் சோதிக்கும்போது அருகே பெட்ரோலோ அதன் ஆவியோ இருத்தல் கூடாது.

அடுத்து இஞ்சினை ஓடவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள். முள் வலப்பக்கம் செல்ல வேண்டும். செல்லாவிட்டால் இஞ்சினை நிறுத்தி, ஆல்ட்டர்னேட்டர் கம்பிகளை ரெக்டிஃபையரிலிருந்து பிரித்து, அவற்றுக்கிடையே ஒரு முகப்பு விளக்கு பல்பை இணைத்து மீண்டும் மெதுவாக ஓட்டுங்கள். பல்பு எரிந்தால் காந்தமும் சுருளும் நலம். குற்றம் ரெக்டிஃபையரில் அல்லது அதற்கப்பாலுள்ள கம்பியில். எரியாவிட்டால் ஆல்ட்டர்னேட்டரையே கழற்றிப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் முன்னதாக, பாட்டரி முனைகளையும் சட்டத்தோடு சேரும் எர்த் இணைப்பையும் சுரண்டித் துடைத்து இறுக்கிவிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டில் மேக்னெட்டோ முறையே இருந்தது. பாட்டரி இல்லாமலே அது பொறி தந்தது. புல்லட்டிலோ இந்த நூற்றாண்டில் பாயிண்ட் மறைந்து மின்னணுப் பொறி வந்துவிட்டது. பாயிண்டைச் சுரண்டும் வேலை போயிற்று. பாட்டரியையும் நல்ல எர்த் இணைப்பையும் நம்பியிருக்கும் நிலை போகவில்லை. அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு பழைய வண்டி துடித்து நின்றால், புதுப் பாட்டரி வாங்கப் புறப்படுமுன், அதன் அம்மீட்டர் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.