அயர்லாந்தின் பீட் சதுப்புகள்: வடிப்பும் மறுநனைப்பும்

பீட் என்பது நீரில் ஊறியபடியே கிடந்து, முழுதும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த தாவர எச்சம். நிலக்கரி உருவாவதன் முதல் நிலையும் இதுவே. உலக நிலப்பரப்பில் பீட் நிலங்களின் பங்கு சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் மண்ணில் தங்கியுள்ள கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவற்றில் இருக்கிறது. அயர்லாந்து தன் பீட் சதுப்புகளை இருபதாம் நூற்றாண்டில் எரிபொருளுக்காகப் பெருமளவில் வடித்தது; இப்போது வடிகால்களை அடைத்து, வெளியேற்றிய நீரைத் திரும்பத் தேக்கிவருகிறது. இப்பணி மறுநனைப்பு எனப்படுகிறது.

தோற்றம்

கடைசிப் பனியூழி முடிந்து ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அயர்லாந்தின் நடுச் சமவெளியிலிருந்த பள்ளங்களில் ஆழமற்ற ஏரிகள் நின்றன. கரையோர நாணலும் கோரையும் மடிந்து மடிந்து அவற்றைத் தூர்த்தன. சுண்ணாம்புச் சத்துள்ள நிலத்தடி நீர் எட்டாத உயரத்துக்குப் படிவு வளர்ந்த பின், மழைநீரை மட்டுமே நம்பி வாழும் ஸ்பேக்னம் பாசி அதன் மேல் குடியேறியது. தன் உலர் எடையைப் போல் 20 மடங்கு வரை நீரை இது பிடித்துவைக்கும். சுற்றியுள்ள நீரை அமிலமாகவும் மாற்றும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கெல்லாம் நீர் வழியும். உயிர்வளி இல்லாத அந்த ஈரத்தில் அழுகல் மிக மெதுவாகவே நடப்பதால், ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் என்ற அளவில் பீட் சேர்ந்தது. இப்படி வளர்ந்து நடுப்பகுதி மேடிட்ட சதுப்புகளை மேட்டுச் சதுப்புகள் என்கிறார்கள்.

இந்த நீர் எவ்வளவு பத்திரமான காவல் என்பதற்கு இரு சான்றுகள் உண்டு. ஆஃபலி கவுண்டியில் குரோகன் குன்றுக்கு அருகே 2003-இல் வடிகால் வேலையின்போது கிடைத்த மனித உடல் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன் விரல் நகங்கள்கூடக் கெடவில்லை. லாங்ஃபோர்ட் கவுண்டியின் கார்லேயாவில் 1984-இல் வெளிப்பட்ட மரப்பாதையின் ஓக் பலகைகள் கி.மு. 148-இல் வெட்டிய மரங்களிலிருந்து வந்தவை. இரண்டையும் நமக்குக் காட்டியது சதுப்பை வடித்துத் தோண்டும் வேலைதான். அவற்றைக் காத்துவந்த நீரை வெளியேற்றியதும் அதே வேலைதான்.

வடிப்பின் வரலாறு

ஷ்லான் என்னும் ஒடுங்கிய மண்வெட்டியால் பீட் கட்டிகளை வெட்டி, வெயிலில் காயவைத்து அடுப்பெரிப்பது அயர்லாந்து மக்களின் நெடுநாள் வழக்கம். சதுப்புகளைப் பாழ்நிலமாகக் கருதி, வடித்துத் திருத்தவேண்டும் என்ற எண்ணமும் பழையது. 1685-இலேயே வில்லியம் கிங் அதை வலியுறுத்தி எழுதினார். 1809 முதல் 1814 வரை அரசு ஆணையம் ஒன்று நாட்டின் சதுப்புகளை விரிவாக அளந்து வரைபடமாக்கியது.

பெரிய மாற்றம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் நிலக்கரி வரத்துக் குறைந்து தவித்த நாடு, 1946-இல் போர்ட் நா மோனா என்ற அரசு நிறுவனத்தை அமைத்தது. அதன் கைக்கு வந்த நிலம் சுமார் 80,000 ஹெக்டேர். சுமார் 15 மீட்டருக்கு ஒரு வடிகால் தோண்டி, மேலிருந்த செடிகொடிகளை வழித்தெடுத்து, வெற்றுப் பீட்டைத் தூளாகச் சுரண்டி உலர்த்தி மின்நிலையங்களுக்கு அனுப்பினார்கள். வேறு வளமில்லாத ஊர்களுக்கு இது வேலையும் வருமானமும் கொடுத்ததை மறக்கக்கூடாது. ஆனால் ஒருகாலத்தில் 3,00,000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்த மேட்டுச் சதுப்புகளில், இன்றும் பீட் சேரும் பகுதி 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

வடிந்த நிலத்தின் நிலை

பீட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். அது வடிந்ததும் நிலம் அமுங்கிப்போகிறது. காற்றுப் புகுந்த இடத்தில் நுண்ணுயிர்கள் பல ஆயிரம் ஆண்டுச் சேமிப்பைத் தின்று கரியமில வாயுவாக வெளியிடுகின்றன. பாசி காய்ந்து, அந்த இடத்தை ஹெதர் புதரும் பிர்ச் மரக்கன்றுகளும் பிடிக்கின்றன. மரங்கள் மேலும் நீரை உறிஞ்ச, வறட்சி தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

திருப்பம்

சதுப்புகளைக் காக்கவேண்டும் என்ற மனமாற்றத்தில் நெதர்லாந்துக்கும் பங்குண்டு. தங்கள் நாட்டுச் சதுப்புகளை ஏறக்குறைய முழுதும் இழந்துவிட்ட டச்சுக்காரர்கள், 1983-இல் அயர்லாந்துச் சதுப்புகளைக் காக்க அறக்கட்டளை தொடங்கி, சில சதுப்புகளை வாங்கி அயர்லாந்து அரசிடமே ஒப்படைத்தார்கள். ஆஃபலியிலுள்ள கிளாரா சதுப்பின் கிழக்குப் பகுதியில் 1980-களில் வடிகால் வெட்டப்பட்டிருந்தது. 1987-இல் கிளாரா இயற்கைக் காப்பகமானது. இரு நாட்டு அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்தபின், 1990-களில் அந்த வடிகால்கள் அடைக்கப்பட்டன. 2020 டிசம்பரில் பீட் எரித்துவந்த ஷானன்பிரிட்ஜ், லேன்ஸ்பரோ மின்நிலையங்கள் மூடப்பட்டன. 2021 ஜனவரியில் போர்ட் நா மோனா பீட் எடுப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அரசு நிதியுடன் சுமார் 33,000 ஹெக்டேரைச் சீரமைக்கும் திட்டமும் தொடங்கியது.

நீர் திரும்பிய பின்

வேலை எளிமையானதுதான். அகலப் பட்டை பூட்டிய பொக்லைன் ஒன்று அருகிலிருந்து ஈரப் பீட்டை அள்ளி வடிகாலில் போட்டு அழுத்தி அணையாக்குகிறது. காய்ந்த பீட் விரிசல் விட்டு ஒழுகும் என்பதால் ஈரமானதையே தேர்கிறார்கள். நிலம் சரியச் சரிய, சுமார் 10 சென்டிமீட்டர் இறக்கத்துக்கு ஓர் அணை. நீர்மட்டம் ஆண்டு முழுதும் தரைக்கு ஒட்டி நிற்கவேண்டும் என்பதே நோக்கம்.

வேர் மூழ்கிய பிர்ச் முதலில் பட்டுப்போகிறது. அடைத்த வடிகாலில் நீரில் மிதக்கும் ஸ்பேக்னம் இனம் படர்கிறது. அள்ளித் தூக்கினால் நனைந்த பூனைக்குட்டியின் உரோமம்போல் கையில் தொங்கும். வெள்ளைப் பஞ்சுத் தலையாட்டும் பஞ்சுக்கோரை விரைவில் பரவுகிறது. பின்னரே மேடு கட்டும் பாசி இனங்கள் வருகின்றன. அவற்றினிடையே பூச்சியுண்ணும் அழுகண்ணி இடம்பிடிக்கிறது.

அடிவரை சுரண்டப்பட்ட நிலத்தின் கதை வேறு. அங்கே சுண்ணாம்பு நீர் மேலெழுவதால் நாணலும் சம்புக்கோரையும் சூழ்ந்த ஆழமற்ற ஏரிகளே உருவாகின்றன. தும்பிகளும் ஆட்காட்டிகளும் குளிர்கால அன்னங்களும் அவற்றைத் தேடி வருகின்றன. அயர்லாந்தில் 300 ஆண்டுகளுக்கு மேல் இனப்பெருக்கம் செய்யாதிருந்த பெருங்கொக்கு, மறுநனைந்த சதுப்பொன்றில் கூடுகட்டியது. 2022-இல் குஞ்சு வளர்ந்து பறந்தது. அந்த இடம் எது என்பது இன்றும் வெளியே சொல்லப்படுவதில்லை.

வாயுக் கணக்கு

நீர் திரும்பினால் கரியமில வாயு வெளியேற்றம் சரிகிறது. மீத்தேன் கூடுகிறது, சில இடங்களில் தொடக்க ஆண்டுகளில் மிகுதியாகவே. ஆனால் மீத்தேன் காற்றில் சில பத்தாண்டுகளுக்குமேல் தங்காது. கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். ஸ்பேக்னத்தோடு வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனின் ஒரு பகுதியை உண்டுவிடுகின்றன. நேச்சர் இதழில் 2021-இல் வெளியான ஆய்வு, வடித்த நிலத்தில் நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்கு நிகரான வெளியேற்றம் குறையும் என மதிப்பிட்டது.

எல்லைகள்

மறுநனைப்பு பழைய சதுப்பை அப்படியே மீட்டுத் தருவதில்லை. அமுங்கிய நிலம் எழாது. சரிந்த மேட்டில் மழைநீர் வேறு திசையில் ஓடும். கிளாராவில் உள்ளே வடிகால்களை அடைத்த பிறகும், ஓரங்களில் நடந்த வெட்டும் வடிப்பும் மேற்குப் பகுதியை அமுக்கின. எஞ்சிய பீட்டின் ஆழமே எந்தப் பாசி வரும், எந்த நீர் நிற்கும் என்பதை முடிவுசெய்கிறது. ஒரு மீட்டர் பீட் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வேண்டும். ஆகவே மீதமுள்ள ஒவ்வொரு மீட்டரும் காயுமுன் நீர் அங்கே சேரவேண்டும்.