கோடு போட்டவன் கணக்கு

சில வருசங்களுக்கு முன்னால், குடிதண்ணீருக்கு மனு எழுத ஒரு கிராமத்துச் சேரிக்குப் போனேன். கையில் அந்தக் கிராமத்தின் சென்சஸ் விவரம். குழாய்த் தண்ணீர் 'உண்டு' என்றிருந்ததை வாசித்துக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா சிரிச்சுது. "உண்டுதாம்ப்பா. ஊருக்குள்ள உண்டு. நம்ம தெருவுல எங்க இருக்கு?"

ஏட்டில் பொய் இல்லை. கிராமப்புறத்தில் சென்சஸின் அலகு வருவாய்க் கிராமம். ஊர், சேரி, குக்கிராமம் எல்லாம் அதற்குள் அடக்கம். சுடுகாடு வரைக்கும் பிரிந்து கிடக்கிற ஊரும் சேரியும் கணக்கில் மட்டும் ஒன்றாகிவிடுகின்றன. நமக்குக் கிடைத்த சமத்துவம் அந்த ஒரு வரிதான்.

அலகு பெரிதாகப் பெரிதாக என்ன நடக்கும்? அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பை வைத்து, கறுப்பராயிருப்பதற்கும் எழுத்தறியாமைக்கும் உள்ள தொடர்பை டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் கணக்கிட்டுக் காட்டினார். முழுத் தொடர்பு 1 என்றால், ஆள் ஆளாகப் பார்க்கையில் அது 0.203. 48 மாநிலங்களாகப் பார்க்கையில் 0.773. ஒன்பது வட்டாரங்களாகப் பார்க்கையில் 0.946. ஆட்கள் அதே ஆட்கள்தான். கறுப்பர் நிறைந்த தென் மாநிலங்களில் வெள்ளையரிலும் எழுத்தறியாதவர் அதிகம். பள்ளிக்கூடம் கொடுக்காத அரசின் குற்றம், கூட்டல் கணக்கில் கறுப்பர் தலையில் ஏறிவிட்டது.

கோடு நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சையே சாட்சி. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரை எரித்தபோது அது தஞ்சை மாவட்டம். 1991இல் நாகை பிரிந்தது, வெண்மணி அதோடு போனது. 1997இல் திருவாரூர் பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் அட்டவணைச் சாதியினர் திருவாரூரில் 34.08 சதவீதம், நாகையில் 31.54, தஞ்சையில் 18.91. மூன்றையும் சேர்த்துப் போட்டால் சுமார் 26. பழைய தஞ்சையையும் இன்றைய தஞ்சையையும் பக்கத்தில் வைத்து, 'அங்கே தலித்துகள் குறைந்துவிட்டார்கள்' என்று நாளை ஒருவர் ஆய்வேடு எழுதலாம். சனங்கள் எங்கேயும் போகவில்லை. கோடுதான் போனது. 2020இல் நாகையிலிருந்து மயிலாடுதுறையும் பிரிந்தாயிற்று.

தோழர்களே, எண்ணைக் காட்டுகிறவர்களிடம் முதலில் எல்லையைக் கேட்போம். எந்த அலகு? யார் போட்ட கோடு? அதற்குள் யார் கரைந்து போனார்கள்?

'இந்தக் கிராமத்தில் தண்ணீர் இல்லை' என்று எழுதியிருந்த மனுவை அன்றைக்கே கிழித்தோம். அப்படிக் கொடுத்திருந்தால் ஏட்டைக் காட்டியே திருப்பி அனுப்பியிருப்பார்கள். 'இந்தத் தெருவில் இல்லை' என்று புதிதாக எழுதினோம். முதல் கைநாட்டு அந்த ஆயாவுடையது.