அடிமைகள் உறங்கிய அறை

ரோமானியச் செல்வந்தர்களின் பண்ணை மாளிகை என்றதும் நம் கண்முன் நிற்பவை வண்ணச் சுவரோவியங்களும் பளிங்குத் தரையும்தான். அந்த மாளிகையில் பாடுபட்டவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள்? இதற்குப் பதில் சொல்லும் ஓர் அறை 2021ஆம் ஆண்டில் இத்தாலியில் வெளிப்பட்டது.

பொம்பெய் நகர மதிலுக்கு வெளியே, சுமார் 700 மீட்டர் தொலைவில் சிவித்தா ஜூலியானா என்ற இடம் உள்ளது. அங்கிருந்த பண்ணை மாளிகையை கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பல் மூடியது. மரமும் கயிறும் துணியும் நாளடைவில் மக்கிப்போயின. ஆனால், இறுகிய சாம்பலுக்குள் அவற்றின் வடிவம் வெற்றிடமாக எஞ்சி நின்றது. ஆய்வாளர்கள் அந்த வெற்றிடத்தில் பிளாஸ்டர் கலவையை ஊற்றி, இறுகிய பின் சாம்பலை அகற்றினர். 1863இல் பியோரெல்லி என்பவர் பொம்பெய்யில் மடிந்த மனிதர்களின் உருவங்களை மீட்டதும் இதே முறையில்தான்.

அறையின் பரப்பளவு வெறும் 16 சதுர மீட்டர். உள்ளே மூன்று மரக் கட்டில்கள், கயிறு பின்னியவை. இரண்டின் நீளம் 1.70 மீட்டர், மூன்றாவது 1.40 மீட்டர்தான். அதில் ஒரு பிள்ளை படுத்திருக்க வேண்டும், அங்கே வாழ்ந்தது ஒரு குடும்பமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கட்டிலுக்கு அடியில் சிறுநீர்ச் சட்டிகள். மூலையில் எட்டு ஜாடிகள். மேலே ஒரு சிறு ஜன்னல். சுவரில் ஓவியம் எதுவுமில்லை. படுக்கையறையா, சாமான் அறையா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? இரண்டும்தான்! வண்டியின் ஏர்க்கால் ஒன்றும் ஒரு கட்டில் மீதே கிடந்தது.

இதில் வியப்பில்லை. பண்ணைக் கருவிகளைச் சிலர் மூன்றாகப் பிரித்ததை வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். வண்டி ஊமைக் கருவி. மாடு அரைகுறையாகக் குரல் கொடுக்கும் கருவி. அடிமை பேசும் கருவி. ஊமைக் கருவியும் பேசும் கருவியும் இங்கே ஒரே அறையில் கிடந்திருக்கின்றன.

இதே மாளிகையில்தான் வெண்கல வேலைப்பாடு நிறைந்த எஜமானரின் நான்கு சக்கர ரதமும் கிடைத்தது. உலகப் பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. என்னைக் கேட்டால், அந்தக் குட்டைக் கட்டில்தான் பெரிய கண்டுபிடிப்பு.

2023இல் இன்னோர் அறையும் வெளிப்பட்டது. அங்கே ஒரு கட்டில் எளியது. மற்றொன்று சாய்மானம் வைத்த, விலை கூடியது. பூட்டோ சங்கிலியோ தென்படவில்லை. அடிமைகளிலேயே சிலருக்குச் சலுகை கொடுத்து, அவர்களைக் கொண்டே மற்றவர்களைக் கட்டுப்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.