அளக்காத அசைவு: 2005 டோக்கியோ காணொளி குறித்து ஒரு மறுவாசிப்பு

நின்டெண்டோவின் வீ வீடியோ ஆட்டக் கருவியைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு கதை வேரூன்றிவிட்டது. கையசைவை உள்ளபடியே திரைக்குக் கொண்டுசெல்வதாக நிறுவனம் வாக்களித்தது; 2006-இல் வந்த ரிமோட்டின் மலிவான உணரியால் அது கைகூடவில்லை; 2009 ஜூனில் வெளியான மோஷன்பிளஸ் துணைக்கருவிதான் அக்கடனை அடைத்தது என்பது அக்கதை. இதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுவது, 2005 செப்டம்பர் 16 அன்று டோக்கியோ கேம் ஷோவில் நின்டெண்டோவின் அப்போதைய தலைவர் சடோரு இவாடா திரையிட்ட காணொளி. அதே காணொளி இக்கதையைத் தாங்கவில்லை என்பது என் வாதம்.

அதில் ஆட்டத்தின் ஒரு காட்சிகூட இல்லை. கேமரா தொலைக்காட்சி இருக்கும் பக்கத்திலிருந்து ஆடுபவர்களையே பார்க்கிறது. ஒருவர் பறை கொட்டுவதுபோல் கைகளை வீசுகிறார்; ஒருவர் இசைக்குழுவை நடத்துகிறார்; காய் நறுக்கும் கை, தூண்டில் இழுக்கும் கை, வாள் சுழற்றும் கை எனத் தொடர்கின்றன. கூடவே ஒலி கேட்கிறது. அளந்து காட்டுவதாக ஒரு வாக்குறுதி இங்கே உண்டென்றால், கையும் திரையுருவமும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும் காட்சி ஒன்றாவது வேண்டும். நமக்குக் கிடைப்பதோ கை மட்டும். மறுபாதியைப் பார்வையாளர்கள் இட்டு நிரப்பினார்கள்; பின்வந்த ஆய்வாளர்களும் 2009-ஐ அறிந்தவர்களாக அதையே செய்தார்கள். ஆட்டங்கள் அப்போது தயாராகவில்லை, அதனால்தான் திரையைக் காட்டவில்லை என்பார்கள். இருக்கலாம். திரை இல்லாததற்கு அது காரணம் சொல்லும். இல்லாத வாக்குறுதிக்குச் சான்றாகாது.

அசைவுகளின் தேர்வையும் கவனிக்க வேண்டும். கொட்டுவதிலும் நறுக்குவதிலும் இசை நடத்துவதிலும் எப்போது என்பதுதான் கணக்கு. எந்தக் கோணத்தில் என்பது இரண்டாம்பட்சம். வாள்காட்சி என் வாசிப்புக்குச் சற்று இடறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாளுக்குத் திசை முக்கியம். ஆனால் அங்கும் நாம் காண்பது வீச்சையும் அதன் ஒலியையும் மட்டுமே.

கருவியின் உள்ளமைப்பும் இதற்கு ஒத்தே இருக்கிறது. ரிமோட்டில் இருந்த ஏடிஎக்ஸ்எல்330 முடுக்கமானி மூன்று அச்சுகளில் முடுக்கத்தை உணரும். அசையாதபோது புவியீர்ப்பைக் கொண்டு சாய்வைச் சொல்லும். வீசும்போது ஈர்ப்பும் வீச்சும் கலந்துவிடும். செங்குத்து அச்சைச் சுற்றிய திருப்பம் அதற்குத் தெரியவே தெரியாது. துல்லியமாக இயங்கியது சுட்டுதல்தான். அதற்கான அகச்சிவப்புக் கேமரா ரிமோட்டின் முனையில் இருந்தது. 'சென்சார் பார்' எனப்பட்ட பட்டையில் சென்சாரே கிடையாது, விளக்குகள் மட்டுமே. இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் வேலை நடக்கும்.

திருப்பம் தெரியாத இந்தக் குறை, சுழற்சியை உணரும் நுட்பம் கைவசம் இல்லாததால் நேர்ந்ததா? 2004-இல் ஜப்பானில் வெளியான 'வாரியோவேர்: ட்விஸ்டட்!' ஆட்டத்தின் கேட்ரிட்ஜிலேயே நின்டெண்டோ சுழற்சி உணரியைப் பொருத்திவிட்டது. அது ஒரே அச்சுக்கானது, கையடக்கக் கருவிக்கானது என்ற மறுப்பு நியாயம்தான். அதற்கு மேல் அந்தச் சான்றை நான் இழுக்கவில்லை. விலைதான் காரணம் என்ற மறுப்புக்கோ அதிக இடம் தர வேண்டியதில்லை. விலைக்காக விட்டிருந்தாலும் அறிந்தே விட்டார்கள்.

விட்டது போக எஞ்சியதை வைத்து எப்படி ஆட்டம் கட்டினார்கள் என்பதற்கு, பெரும்பாலான நாடுகளில் கருவியோடு சேர்த்தே தரப்பட்ட 'வீ ஸ்போர்ட்ஸ்' சாட்சி. அதன் டென்னிஸில் பாத்திரங்கள் தாமாகவே ஓடும். ஆடுபவரிடம் கேட்கப்படுவது வீச்சு மட்டும். பந்து போகும் திசையைக்கூடப் பெரிதும் வீச்சின் நேரமே தீர்மானிக்கிறது. அளவீட்டில் தோற்ற கருவிக்கு ஒட்டுப்போட்டதாக இதைப் படிக்க என்னால் இயலவில்லை. அசைவை அடையாளம் கண்டால் போதும் என்ற முடிவு தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

சுழற்சி உணரியைக் கொண்டுவந்த மோஷன்பிளஸ் அந்த முடிவைக் கைவிட்டது, முழுமையாக்கவில்லை. அந்த உணரியின் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும் என்பதால், மோஷன்பிளஸைக் கொண்டு ஆடும் 'வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்' ஆடுபவரிடம் ரிமோட்டைச் சமதளத்தில் கவிழ்த்து வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறது. 2006-இன் டென்னிஸ் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.