தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் வந்த வழி

மதுரைக்காரர் யாரைக் கேட்டாலும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் உண்டான கதையைச் சொல்லிவிடுவார். எனக்கு அதை முதலில் சொன்னது என் அம்மா. திருமலை நாயக்கர் மகால் கட்டுவதற்குச் செங்கல் அறுக்க வேண்டியிருந்ததாம். ஊருக்குக் கிழக்கே மண் எடுத்தார்களாம். தோண்டிக்கொண்டே போனால் உள்ளே ஆளை விடப் பெரிய பிள்ளையார் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். அவரை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்தான் நாம் கும்பிடுகிற முக்குறுணிப் பிள்ளையார். தோண்டிய பள்ளத்தை வீணாக விட மனசில்லாமல் நாயக்கர் அதைக் குளமாகக் கட்டிவிட்டார்.

விநாயகர் சதுர்த்தியன்று அந்தப் பிள்ளையாருக்கு முக்குறுணி அரிசியில், அதாவது 18 படி அரிசியில், ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பார்கள். அதைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மா இந்தக் கதையை இன்னொரு தடவை சொல்வார். நானும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு புத்தகங்களைப் புரட்ட நேரம் கிடைத்தது. மகாலுக்கு 1636 என்றும் தெப்பக்குளத்துக்கு 1645 என்றும் ஆண்டு போட்டிருக்கிறது. இதைக் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அப்போ ஒன்பது வருஷம் பள்ளம் சும்மாவா கிடந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து வேறொன்று தோன்றியது. பள்ளம் எப்படி வந்தது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அதற்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று யாரும் சொல்வதில்லையே!

குளத்தின் அளவை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 1000 அடி, மறுபக்கம் 950 அடி. நான்கு கரையிலும் கருங்கல் படிகள். நடுவில் மைய மண்டபம், அதைச் சுற்றித் தோட்டம். மழையை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய குளத்தை யாரும் வெட்டமாட்டார்கள். வடக்கே ஓடும் வைகையிலிருந்து நிலத்தடியில் கால்வாய் அமைத்துத் தண்ணீரை உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் குளத்தில் தானாக நீர் ஏறும். இறைக்க வேண்டியதில்லை. மேடு பள்ளம் பார்த்து மட்டம் கட்டிய அந்த வேலைக்காரர்களின் பெயர் எந்தக் கதையிலும் இல்லை.

நாயக்கர் பிறந்தது தைப்பூசத்தில் என்பார்கள். அந்த நாளில்தான் தெப்பம். அன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலிலிருந்து புறப்பட்டு இங்கே வந்துவிடுவார்கள். காலையில் இரண்டு சுற்று, இரவில் விளக்கு அலங்காரத்தோடு ஒரு சுற்று. கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மிதந்து வரும். சிறுவயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, தண்ணீரில் விளக்கொளி ஆடுவதைப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வேலை கிடைத்து வெளியூர்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது குளம் வறண்டு கிடந்தது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்ட பிறகு, ஆற்றில் எப்போது தண்ணீர் ஓடும் என்பது அணையைத் திறப்பதைப் பொறுத்ததாகிவிட்டது. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் மட்டமும் இறங்கிப்போனது. குளத்துக்கு வரும் வழி குப்பையிலும் சாக்கடையிலும் அடைபட்டது. திருவிழா நின்றுவிடவில்லை. தண்ணீரில்லாத வருஷங்களில் நிலைத்தெப்பம் என்று நடத்தினார்கள். சாமி தெப்பத்தில் எழுந்தருளுவார், தெப்பம் நகராது.

அம்மாவை ஒரு வருஷம் கூப்பிட்டேன். "தண்ணி இல்லாத குளத்துல என்னடா தெப்பம்? நீ போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் வரவேயில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வறண்ட குளம் பையன்களுக்கு நல்ல கிரிக்கெட் மைதானம். ஒரே நேரத்தில் பத்து ஆட்டம் நடக்கும். என் மகன் பந்து போடக் கற்றுக்கொண்டது அங்கேதான். நான் படியில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு பார்ப்பேன். மைய மண்டபத்துக்கு நடந்தே போய் வருவோம். அவனுக்குப் பிள்ளையார் கதையை நூறு தடவை சொல்லியிருப்பேன். கால்வாய் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் காட்டியதில்லை. எனக்கே தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து, வைகைத் தண்ணீரை மறுபடியும் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். படிகள் ஒவ்வொன்றாக நீரில் மூழ்குவதைப் பார்க்கத் தினமும் கூட்டம். தைப்பூசத்தன்று தெப்பம் மிதந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அம்மாவை நினைத்துக்கொண்டேன். இதைப் பார்க்க அவர் இல்லை.

பிள்ளையார் கதையை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தக் கதை இருந்ததால்தான் வறண்டு கிடந்தபோதும் அந்த இடத்தின் மேல் ஊருக்குப் பாசம் குறையவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கதை குளத்தை நிரப்பாது. சென்ற மாதம் பேத்தி வந்திருந்தாள். முக்குறுணிப் பிள்ளையாரைக் காட்டிவிட்டு, அப்படியே அழைத்துப் போய்க் குளத்துக்குத் தண்ணீர் வரும் இடத்தையும் காட்டினேன். "இது ஏன் தாத்தா இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று கேட்டாள்.

"சின்னதா இருக்கறதாலதாம்மா நாங்க மறந்துட்டோம்" என்றேன்.