தோள், முழங்கை, கைப் பரிசோதனைகளின் வரலாறு

தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகியவற்றில் தோன்றும் வலிக்கும் செயலிழப்புக்கும் காரணம் அறிய, மருத்துவர் எந்தக் கருவியும் இல்லாமல் தம் கைகளாலேயே செய்யும் சோதனைகள் எலும்பு மூட்டு மருத்துவத்தில் பல உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை அவற்றை விவரித்த மருத்துவர்களின் பெயரால் அழைக்கப்படுகின்றன. டினெல் குறி, ஃபேலன் சோதனை, ஃபிங்கல்ஸ்டைன் சோதனை, ஆலன் சோதனை, நியர் குறி என்று நீளும் இப்பட்டியலை மருத்துவ மாணவர்களும் இயன்முறை மருத்துவ மாணவர்களும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடிப் பிறந்தவை. காலப்போக்கில் பெயர் நிலைத்தது. செய்முறையோ, நோக்கமோ பல இடங்களில் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை அறியாமல் சோதித்தால் இல்லாத நோயை இருப்பதாகவும், இருக்கும் நோயை இல்லாததாகவும் கருத நேரிடும்.

எக்ஸ்-ரே காட்டாதவை

1895 ஆம் ஆண்டு இறுதியில் ரான்ட்கன் எக்ஸ்-ரே கதிர்களைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளிலேயே எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் படமாகப் பார்க்க முடிந்தது. ஆனால் தசைநாண், நரம்பு, இரத்தக்குழாய் ஆகியவை சாதாரண எக்ஸ்-ரே படத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. தோள் முதல் விரல் நுனி வரை உள்ள பகுதியில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இம்மென்மையான உறுப்புகளில்தான் தோன்றுகிறது. எனவே எக்ஸ்-ரே வந்த பிறகும் மருத்துவரின் கைக்கு இங்கே வேலை குறையவில்லை. இன்று வழக்கிலுள்ள பெயர் பெற்ற சோதனைகளில் பல, எக்ஸ்-ரே கண்டுபிடிப்புக்கும் எம்.ஆர்.ஐ. பரவலானதற்கும் இடைப்பட்ட காலத்தில் உருவானவை.

தோள்: பாஸ்டன் மருத்துவர் காட்மன்

தோள் பற்றிய முறையான ஆய்வுக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த எர்னஸ்ட் அமோரி காட்மன் (1869–1940). கையைப் பக்கவாட்டில் உயர்த்த உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்னும் தசையின் நாண் அறுந்துபோவதைப் பற்றி அவர் 1911 இல் எழுதினார். 1934 இல் 'தி ஷோல்டர்' என்ற பெரு நூலை வெளியிட்டார். 'உறைந்த தோள்' என்று இன்று பரவலாக வழங்கும் பெயரும் அவர் தந்ததே.

நோயாளியின் கையை மருத்துவர் உயர்த்திப் பிடித்துவிட்டு, மெதுவாக இறக்கும்படி சொல்வதும், கை கட்டுப்பாடின்றிக் கீழே விழுந்தால் நாண் அறுந்திருக்கலாம் என ஐயுறுவதும் 'கை விழும் சோதனை' ஆகும். இது பொதுவாகக் காட்மன் பெயருடன் இணைத்தே சொல்லப்படுகிறது.

காட்மன் சோதனைகளைவிட விளைவுகளில் அதிக அக்கறை கொண்டவர். அறுவை செய்த ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்து மீண்டும் பார்த்து, சிகிச்சை பலித்ததா, பலிக்கவில்லை எனில் ஏன் என்று பதிய வேண்டும் என அவர் வாதிட்டார். 1911 இல் தாமே தொடங்கிய சிறு மருத்துவமனையில் 337 நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளை வகைப்படுத்தி அச்சிட்டார். சக மருத்துவர்கள் இதை விரும்பவில்லை. நோய் கண்டறிதலும் தவறக்கூடும், அந்தத் தவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற அவரது கருத்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரே பரவலாக ஏற்கப்பட்டது.

1915: போர்முனையின் இரு பக்கங்கள்

முதல் உலகப் போரில் குண்டுச் சிதறல்களால் கை நரம்புகள் அறுபட்ட வீரர்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு வந்தனர். அறுபட்ட நரம்பு மீண்டும் வளர்கிறதா, அல்லது திறந்து தைக்க வேண்டுமா என்பதே மருத்துவர்கள் முன் நின்ற கேள்வி. விடை காணச் சில மாதங்கள் காத்திருந்தால் தசைகள் வற்றிவிடும். அவசரப்பட்டு அறுத்தால் தானாக வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பு கெட்டுப்போகும்.

ஜெர்மனியின் பவுல் ஹோஃப்மன் 1915 மார்ச் மாதத்திலும், பிரான்ஸின் ஜூல் டினெல் அதே ஆண்டு அக்டோபரிலும் ஏறத்தாழ ஒரே விடையை வெளியிட்டனர். எதிரெதிர் நாடுகளில் இருந்த இருவரும் தனித்தனியே கண்டறிந்தது இது: காயம்பட்ட நரம்பின் பாதையில் விரலால் மெல்லத் தட்டினால், அந்நரம்பு சென்று சேரும் தோல் பகுதியில் எறும்பு ஊர்வது போன்ற கூச்சம் தோன்றுகிறது. புதிதாகத் துளிர்த்து வளரும் நரம்பு இழைகளே அதற்குக் காரணம். நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். ஆகவே கூச்சம் எழும் இடம் வாரந்தோறும் விரல் நுனியை நோக்கி நகர்ந்தால் நரம்பு வளர்கிறது; அதே இடத்தில் நின்றுவிட்டால் வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது. டினெல் இதற்கு இட்ட பிரெஞ்சுப் பெயரும் எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. தட்டும்போது வலி தோன்றினால் அது நரம்பின் எரிச்சல், கூச்சம் தோன்றினால் அது வளர்ச்சி என்று அவர் வேறுபடுத்தினார்.

இன்று டினெல் குறி பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறதா என்று அறியவே பயன்படுகிறது. நல்ல செய்தியைத் தேடிப் பிறந்த சோதனை, நோயைத் தேடும் சோதனையாக மாறியிருக்கிறது. ஹோஃப்மன் பெயரும் பல பாடநூல்களில் விடுபட்டுவிட்டது.

அதே 1915 இல் பிரெஞ்சு நரம்பியலாளர் ஜூல் ஃப்ரோமான் மற்றொரு குறியை விவரித்தார். முழங்கையின் உட்புறத்தை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்று உணரச் செய்யும் நரம்பு அல்னார் நரம்பு. கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டோடு ஒட்டி அழுத்தும் தசையை இயக்குவது அதுவே. ஒரு செய்தித்தாளை இவ்விரு விரல்களுக்கிடையே பிடிக்கச் சொல்லி, மருத்துவர் அதை இழுக்க வேண்டும். அல்னார் நரம்பு பழுதுபட்டவர் தாளை நழுவ விடாமலிருக்கக் கட்டைவிரலின் நுனி மூட்டை மடக்குவார். அந்த மடக்கும் தசை வேறொரு நரம்பால் இயங்குவது. உடல் தன் குறையை மறைக்கச் செய்யும் மாற்று ஏற்பாடே குறையைக் காட்டிக்கொடுக்கிறது. இச்சோதனை இன்றும் ஏறக்குறைய மாறாமல் செய்யப்படுகிறது.

தமனியை அழுத்திப் பார்த்தல்

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த எட்கர் ஆலன், புகைப்பவர்களைப் பெரிதும் தாக்கும் பர்கர் நோயில் கைத் தமனிகள் அடைபடுவதை அறிய 1929 இல் ஒரு முறையை வெளியிட்டார். நோயாளி இரு கைகளையும் இறுக மூடிக்கொள்ள, மருத்துவர் இரு மணிக்கட்டுகளிலும் ஒரே தமனியை அழுத்திப் பிடிப்பார். கைகளைத் திறந்ததும் உள்ளங்கைகளில் செம்மை திரும்புவதை ஒப்பிடுவார்.

ஒரே கையில் இரு தமனிகளையும் அழுத்தி, பின் ஒன்றை மட்டும் விடும் இன்றைய முறை 1952 இல் இர்விங் ரைட் செய்த மாற்றம். இப்போது இது மணிக்கட்டின் ஆரைத் தமனி வழியாக ஆஞ்சியோகிராம் செய்வதற்கு முன்பும், இதய பைபாஸ் அறுவைக்கு அத்தமனியை எடுப்பதற்கு முன்பும் செய்யப்படுகிறது. அடைப்பைத் தேடிய சோதனை, மாற்று வழியில் இரத்தம் வருமா என்று கேட்கும் சோதனையாகிவிட்டது.

கட்டைவிரல்: ஒரு பெயர், இரு சோதனைகள்

பெயரும் செய்முறையும் பிரிந்துபோனதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஃபிங்கல்ஸ்டைன் சோதனை. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் நாண்களின் உறை தடித்து வலிக்கும் நோயைச் சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் டி கெர்வான் 1895 இல் 5 நோயாளிகளைக் கொண்டு விவரித்தார். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

நியூயார்க்கின் ஹாரி ஃபிங்கல்ஸ்டைன் 1930 இல் எழுதிய முறைப்படி, மருத்துவர் நோயாளியின் கட்டைவிரலைப் பிடித்து, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சட்டென்று சாய்க்க வேண்டும். ஆனால் இன்று பல இடங்களில் அவர் பெயரால் செய்யப்படுவது வேறு: நோயாளி கட்டைவிரலை உள்ளங்கையில் வைத்து விரல்களால் மூடிக்கொண்டு மணிக்கட்டைச் சாய்க்கிறார். இது 1927 இல் ஐக்ஹோஃப் விவரித்தது. நோயற்றவர்களுக்கும் இம்முறையில் வலி தோன்றுவது உண்டு. பெயர்க் குழப்பம் இங்கே வெறும் வரலாற்றுச் செய்தியாக நிற்பதில்லை. தேவையற்ற ஊசிக்கும் கட்டுக்கும் அது காரணமாகலாம்.

முழங்கை: சிகிச்சை சோதனையானது

'டென்னிஸ் முழங்கை' என்ற நோயை 1873 இல் ஜெர்மானிய மருத்துவர் ரூங்கே முதலில் விவரித்தபோது அதை எழுதுவதில் ஏற்படும் சிரமத்தோடு தொடர்புபடுத்தினார். டென்னிஸின் பெயர் 1880களில் இங்கிலாந்து மருத்துவ இதழ்கள் வழியாக ஒட்டிக்கொண்டது. இந்நோய் வருவோரில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களே.

1928 இல் பெர்சிவல் மில்ஸ் இதற்கு ஒரு கைமுறைச் சிகிச்சையை வெளியிட்டார். மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கி, முன்கையை உட்புறம் திருப்பி, முழங்கையைச் சட்டென்று நீட்டுவது அம்முறை. அதே நிலையில் கையை மெதுவாக நீட்டி, முழங்கையின் வெளிப்புறத்தில் வலி எழுகிறதா என்று பார்ப்பதே இன்றைய மில்ஸ் சோதனை.

மணிக்கட்டு: ஃபேலனின் ஒரு நிமிடம்

இரவில் விரல்கள் மரத்துப்போய்த் தூக்கம் கலைவது, கையை உதறினால் சற்றுத் தணிவது ஆகியவை மணிக்கட்டுச் சுரங்க நோயின் அடையாளங்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபேலன் 1950 முதல் இந்நோயைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1966 இல் 17 ஆண்டுகளில் தாம் பார்த்த 654 கைகளின் விவரத்தை வெளியிட்டார். அதற்கு முன் கழுத்துக் கோளாறு என்றோ, மனக்கவலை என்றோ ஒதுக்கப்பட்ட தொல்லை, மணிக்கட்டில் சிறு அறுவையால் தீரக்கூடியது என்பது பொது மருத்துவர்களுக்கும் தெரிய வந்தது.

அவரது சோதனை மிக எளியது. முன்கைகளை நிமிர்த்தி வைத்து, மணிக்கட்டுகளைத் தம் எடையிலேயே தொங்கவிட்டு, சுமார் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். விரல்கள் மரத்தால் நோய் இருக்கலாம். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று வைத்து அழுத்தும் இன்றைய பழக்கம் பின்னர் வந்தது.

வேலூர்: கைகுலுக்கலில் கிடைத்த விடை

பெயர் பெறாத ஒரு பரிசோதனை தமிழ்நாட்டில் கை மருத்துவத்தின் போக்கை மாற்றியது. கொல்லிமலையில் 1914 இல் பிறந்த ஆங்கிலேயரான பால் பிராண்ட், 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பின் பேரில் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். செயலற்றது என்று எண்ணிய கையின் பிடி வலிக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது.

அல்னார் நரம்பு முழங்கையருகே பழுதுபட்டாலும் முன்கையின் தசைகளில் பல நலமாக இருக்கின்றன என்பது அதிலிருந்து புலப்பட்டது. நலமான தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகள் வேலூரில் வளர்ந்தன. விரல்கள் அழுகி உதிர்வதில்லை, உணர்வு இல்லாததால் அறியாமல் படும் காயங்களே விரல்களைத் தேய்க்கின்றன என்பதையும் பிராண்ட் குழுவினர் நிறுவினர்.

இன்றும் தொழுநோய்க் களப்பணியில் முழங்கையின் பின்புறம் அல்னார் நரம்பு தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கின்றனர். கண்ணை மூடச் சொல்லி பால்பாயின்ட் பேனா முனையால் உள்ளங்கையைத் தொட்டு உணர்வைச் சோதிக்கின்றனர். சுண்டுவிரலை விரிக்கச் சொல்லி வலுவை அளக்கின்றனர். நரம்புப் பாதிப்பை முன்கூட்டியே கண்டு மருந்து கொடுத்தால் கை மடங்காமல் காக்க முடியும்.

ஒரு பெயர் தந்த முடிவு

1972 இல் நியூயார்க்கின் சார்லஸ் நியர், தோள் உச்சி எலும்பின் கீழ் நாண் உரசுவதே தோள்வலிக்கு முக்கியக் காரணம் என்று எழுதினார். கையை மேலே உயர்த்தும்போது தோன்றும் வலி நியர் குறி. 1980 இல் ஹாக்கின்ஸ், கென்னடி ஆகியோரும், 1982 இல் பேஸ்பால் வீரர்களின் மருத்துவராகப் புகழ்பெற்ற ஃபிராங்க் ஜோபும் மேலும் சோதனைகளை விவரித்தனர். 'உரசல்' என்ற சொல் நோயின் பெயராகவே நிலைத்தது. உரசுகிறது என்றால் எலும்பைச் செதுக்க வேண்டும் என்ற முடிவு இயல்பாகத் தொடர்ந்தது. அவ்வகை அறுவைகள் பெருகின. 2018 இல் லான்செட் இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வு, எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், உள்ளே பார்த்துவிட்டு எதுவும் செதுக்காமல் விட்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது. சோதனை வலியைச் சரியாகவே காட்டியது. வலிக்கான காரணம் என்று அதற்கு இட்ட பெயரே ஐயத்துக்குரியதாயிற்று.

படமும் கையும்

1990களிலிருந்து இச்சோதனைகள் எண்களால் அளக்கப்படுகின்றன. நோயுள்ளவரை எவ்வளவு தவறாமல் பிடிக்கிறது, நோயற்றவரை எவ்வளவு சரியாக விட்டுவிடுகிறது என்ற இரு அளவுகள் பார்க்கப்படுகின்றன. தோள் சோதனைகளை ஆராய்ந்த தொகுப்பாய்வுகள், எந்த ஒரு சோதனையையும் தனியே நம்பி நோயை முடிவு செய்ய இயலாது என்றே கூறுகின்றன.

எம்.ஆர்.ஐ. இக்குறையை முழுதும் தீர்க்கவில்லை. 1995 இல் தோள்வலியே இல்லாத 96 பேரைப் படமெடுத்தபோது 34 விழுக்காட்டினருக்கு நாணில் கிழிசல் காணப்பட்டது. 60 வயதைக் கடந்தவர்களில் இது 54 விழுக்காடு. படத்தில் தெரியும் கிழிசல்தான் இந்த நோயாளியின் வலிக்குக் காரணமா என்பதைப் படம் சொல்வதில்லை. எனவே நோயாளியின் சொல்லைக் கேட்டு, நலமான கையை முதலில் சோதித்து, பிறகு வலிக்கும் கையோடு ஒப்பிட்டு, பல சோதனைகளின் விடைகளைச் சேர்த்துப் பார்ப்பதே இன்று பின்பற்றப்படும் முறையாகும். ஒவ்வொரு சோதனையும் முதலில் எந்தக் கேள்விக்காக உருவானது என்று அறிந்து செய்யும்போது அதன் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெளிவாகிறது.